ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை ஆசிரியர்களிடையே அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு 'நரம்பு மண்டலம்' பாடத்தை எளிமையாக நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை நான் தவறாக நடத்திய ஒரு நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தகுதி வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி திறந்த புதிதில், என் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடியை எடுத்து வெளியே வைக்கப் போய் வழுக்கி விழுந்தான். கண்ணாடி வலது மணிக்கட்டின் உள்பக்கத்தை ஆழமாக வெட்டிவிட்டது. தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அறுந்துபோனது. அன்றே அறுவை சிகிச்சை செய்து தைத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தான். காயம் ஆறியிருந்தது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்வு இல்லை. மோதிர விரலிலும் பாதி இல்லை.

ஆகஸ்ட் மாதம் நரம்பு மண்டலம் பாடத்துக்கு வந்தேன். "நரம்பு செல்கள் பிரிந்து பெருகாது. அதனால் நரம்பு அறுந்தால் அறுந்ததுதான். மறுபடி வளராது" என்று கரும்பலகையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தது என் நினைவில் இல்லை.

அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் மாலை அவனுடைய அம்மா வந்தார். தறிப்பட்டறையில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். சேலையில் பஞ்சுத் தூசி இருந்தது.

"ஏனுங் டீச்சர், டாக்டரு உணர்ச்சி திரும்பி வருமுன்னு சொன்னாருங்க. நீங்க வராதுன்னு சொன்னீங்களாமே? இனி கைப்பயிற்சியே வேண்டாமுன்னு உக்காந்துட்டானுங்க. எது நெசமுங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நான் படித்துவிட்டுச் சொல்கிறேனுங்க" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குப் பிறகு நான் படித்ததையும், அவனுக்குக் கைப்பயிற்சி அளித்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே தவறினேன்?

நான் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவது சரி. முதிர்ந்த நரம்பு செல் பிரிந்து பெருகுவதில்லை. இரண்டாவது வாக்கியத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அது தவறு.

விரல் நுனியில் ஒரு பொருள் படுவதை நமக்குச் சொல்லும் நரம்பு செல்லின் உடலம் விரலில் இல்லை. கழுத்தில், தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு செல் திரளில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு நீண்ட இழை தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் கடந்து விரல் நுனித் தோல் வரை வருகிறது. கண்ணாடி வெட்டியது அந்த இழையைத்தான். செல் உடலம் பத்திரமாக இருக்கிறது. செல் சாகவில்லை என்றால் இழையை மறுபடி நீட்ட அதனால் முடியும். வேப்ப மரத்தில் கிளையை வெட்டினால் மரம் புதிதாக முளைப்பதில்லை, இருக்கும் மரமே மறுபடி துளிர்க்கிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் கதை வேறு. அங்கே அறுந்த இழைகள் இப்படி வளர்ந்து இணைவதில்லை, சூழலே வளர்ச்சியைத் தடுக்கிறது. கை கால்களுக்கும் தோலுக்கும் செல்லும் புற நரம்புகளில்தான் இந்த மறுவளர்ச்சி நடக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் ஒரு வரியில் சொல்லிவிட்டாலே பாடம் சரியாகிவிடும்.

அறுந்த பிறகு உள்ளே நடப்பது

1850-இல் அகஸ்டஸ் வாலர் என்பவர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். செல் உடலத்தோடு தொடர்பு அறுந்த பகுதி சில நாள்களில் சிதைந்து துண்டு துண்டாகிவிடுவதைக் கண்டார். முதலில் கேட்கும்போது இது இழப்பாகத்தான் தோன்றும். உண்மையில் இது களை எடுப்பது போன்ற வேலை. சிதைந்த இழையையும் மையலின் உறையின் மிச்சங்களையும் அகற்றினால்தான் புதிய இழைக்கு வழி கிடைக்கும்.

அந்த வேலையைச் செய்பவை, நாம் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் ஷ்வான் செல்கள். மையலின் உறையை உண்டாக்குவதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. இழை அறுந்ததும் அவை பெருகுகின்றன, குப்பையை அகற்றத் துணை செய்கின்றன, பழைய பாதையிலேயே வரிசையாக நின்று புதிய இழைக்கு வழி காட்டுகின்றன. இழையின் முனை அந்த வரிசையைத் தடவித் தடவி முன்னேறுகிறது.

அப்படியானால் அறுவை சிகிச்சையில் தைத்தது எதை? நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியை விட மெல்லிய நூலால், நரம்பைச் சுற்றியுள்ள உறையைத் தைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான இழைகளை யாராலும் தைக்க முடியாது. குழாயின் இரண்டு முனைகளையும் நேராகப் பொருத்திக் கொடுப்பது மருத்துவரின் வேலை. அதன் வழியே வளர்ந்து போவது நரம்பின் வேலை.

தோலும் சும்மா இருப்பதில்லை. நரம்பு இழைகளை வளரத் தூண்டும் புரதங்களைத் தோல் செல்கள் சுரக்கின்றன. இவ்வகைப் புரதங்களில் முதலாவதைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உணர்விழந்த தோலை ஒட்டி, காயம் படாத பக்கத்து நரம்புகளும் தங்கள் நுனியிலிருந்து கிளை விட்டு உள்ளே நுழைகின்றன. மரத்துப்போன பகுதியின் ஓரங்கள் மெல்லச் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குப் பாடமாகவும் நடத்தலாம்

புற நரம்பு இழை சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. என் மாணவனின் மணிக்கட்டுத் தையலிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தோம். 16 சென்டிமீட்டர், அதாவது 160 மில்லிமீட்டர். எனவே 160 நாள். தொடக்கத்தில் சிதைவை அகற்றவும் தையலைத் தாண்டவும் மூன்று நான்கு வாரம். ஆக மொத்தம் ஆறு மாதம். மருத்துவர் அந்த அம்மாவிடம் சொன்னது சரியான கணக்கு.

தோள்பட்டையருகே நரம்பு அறுந்தவருக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விரலுக்கு 70 சென்டிமீட்டர் என்றால் இரண்டு ஆண்டு ஆகிவிடும். தசைகளால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நரம்பு கிடைக்காத தசை பெரும்பாலும் மீள்வதில்லை. தோல் அதைவிடப் பொறுமையானது. பிந்தி வரும் இழையையும் ஓரளவு ஏற்றுக்கொள்கிறது.

வளர்ச்சி எங்கே வந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கவும் வழி உண்டு. நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், இழையின் முனை இருக்கும் இடத்தில் கரண்ட் அடித்தது போல விறுவிறுக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-இல், பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹோஃப்மனும் தனித்தனியே இதை எழுதினார்கள். அக்டோபரில் என் மாணவனுக்கு உள்ளங்கையின் நடுவில் விறுவிறுத்தது. அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அரை மணி நேரம் வைத்தால் நம் விரல் நுனிகள் சுருங்கும். நரம்பு இல்லாத விரல் சுருங்காது. தோல் ஊறுவதால் மட்டும் அந்தச் சுருக்கம் வருவதில்லை, நரம்பு ரத்தக் குழாயைச் சுருக்குவதால் வருகிறது. அவன் சுண்டுவிரல் சுருங்கியது. மற்ற மூன்றும் வழவழவென்று இருந்தன. அந்த விரல்களில் வியர்வையும் இல்லை. பேனா ஏன் வழுக்குகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை "பேனாவை ஒழுங்காகப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எது முதலில் திரும்பும்?

1903-இல் லண்டனில் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர் ஓர் அரிய காரியம் செய்தார். உணர்வு எப்படித் திரும்புகிறது என்று நோயாளிகளால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பதால், தன் கையிலேயே தோலுக்குச் செல்லும் நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார். ரிவர்ஸ் என்ற நண்பர் கேம்பிரிட்ஜில் நான்கு ஆண்டுகள் அந்தக் கையைச் சோதித்துக் குறிப்பெடுத்தார். இருவரும் 1908-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கட்டிய கோட்பாட்டைப் பின்வந்தவர்கள் மறுத்தார்கள். ஆனால் திரும்பும் வரிசையைப் பற்றிய அவர்களுடைய கவனிப்பு இன்றும் பயனுள்ளது.

வலியும் சூடும் குளிரும் முதலில் வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் இழைகள் மெல்லியவை. அவை தோலின் மேலடுக்கில் வெறும் நுனிகளாக முடிகின்றன. ஆனால் அந்த உணர்வு முரடானது. லேசாகக் குத்தினாலும் சுரீரென்று பரவும், எந்த இடம் என்று சொல்ல வராது. நகரும் தொடுதல் அடுத்து வருகிறது, அசையாத தொடுதல் அதற்குப் பின். இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும் நுட்பம் கடைசியில் வரும், பலருக்கு முழுமையாக வராமலும் போகும். நுட்பமான தொடுதலை அறியும் மெய்ஸ்னர் துகள்கள் போன்ற உறுப்புகள் நரம்பில்லாத காலத்தில் நலிந்துவிடுகின்றன. திரும்பி வரும் இழைகள் எல்லாமே அவற்றைச் சென்றடைவதில்லை.

மார்கழி மாதம் ஒரு காலையில் குழாயில் கை கழுவிவிட்டு ஓடி வந்தான். "டீச்சர், இந்த வெரல்ல ஜில்லுனு தெரியுது!" என்றான். மகிழ்ச்சியில் நான் அந்த விரலைப் பிடித்துவிட்டேன். "ஆ" என்று கையை உதறினான். ஹெட் எழுதியதை எனக்கு நேரிலேயே காட்டிவிட்டான். இப்படி உதறும் பிள்ளையைப் பார்த்து "நடிக்கிறான்" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கை மறுபடி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது

நரம்பு வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். கண்ணை மூடச் சொல்லி ஆள்காட்டி விரலைத் தொட்டால், "நடுவிரல்" என்றான். ஆயிரக்கணக்கான இழைகள் வளரும்போது பல இழைகள் தம் பழைய தடத்தை விட்டுப் பக்கத்துத் தடத்தில் நுழைந்துவிடுகின்றன. முன்பு ஆள்காட்டி விரலுக்குப் போன இழை இப்போது நடுவிரலில் போய் முடியலாம். மூளையிடம் இருப்பதோ பழைய முகவரிப் பட்டியல். அந்தப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டும். அதற்குக் கற்றல்தான் வழி.

பயிற்சி முறை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டே தொட வேண்டும். பிறகு கண்ணை மூடித் தொட வேண்டும். தவறினால் கண்ணைத் திறந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதையே சிறிது நேரமாக நாள்தோறும் பலமுறை செய்ய வேண்டும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பு எடுக்கும் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அடுத்த நாளே ஒரு துணிப்பை கொடுத்தனுப்பினார். உள்ளே கொள்ளு, சோளம், புளியங்கொட்டை, பஞ்சு, நூல்கண்டு, உப்புத்தாள், நாணயங்கள், பித்தான்கள். பைக்குள் கையை விட்டு, பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டும். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நண்பர்கள் அவனோடு விளையாடினார்கள். முதல் வாரத்தில் பஞ்சும் உப்புத்தாளும் மட்டும் பிடிபட்டன. பொதுத்தேர்வு நெருங்கும்போது புளியங்கொட்டையையும் பித்தானையும் பிரித்துச் சொன்னான். கொள்ளா சோளமா என்பது அப்போதும் தடுமாற்றம்தான்.

இந்தக் கற்றலில் பிள்ளைகள் பெரியவர்களை விட வெகுதூரம் முன்னே போகிறார்கள். நரம்பு வளரும் வேகம் பெரிதாக மாறாவிட்டாலும் இளம் மூளை பட்டியலைத் திருத்தும் திறன் அதிகம். பள்ளி வயதில் காயம் பட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு பின்னால் கிடைக்காது. என் ஒரு வாக்கியத்தால் அவன் பயிற்சியை நிறுத்தியிருந்தான் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

கொல்லிமலையில் பிறந்தவர் கண்ட உண்மை

உணர்வு திரும்பும் வரையிலான மாதங்களில் ஆபத்து எங்கே என்று நமக்குச் சொன்னவர் நம் கொங்கு மண்ணில் பிறந்தவர். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார். மருத்துவம் படித்து 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்றுதான் அப்போது நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும்படி கிழிந்திருந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை. விரல்கள் அழிவதற்குக் காரணம் வலி இல்லாமைதான் என்று பிராண்ட் உணர்ந்தார். சூடான பாத்திரமும் கூரான கருவியும் மட்டுமல்ல, இரவில் எலி கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்.

தொழுநோயைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கிருமி குடியேறும் இடங்களில் ஒன்று, நான் முன்பு சொன்ன அதே ஷ்வான் செல். வழி காட்ட வேண்டிய செல்லே பாதிக்கப்படுவதால், முற்றிய நிலையில் உணர்வு திரும்புவது அரிது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் நரம்பைக் காப்பாற்றலாம். வெளிறிய அல்லது சிவந்த தேமலும், அதில் தொடு உணர்வு குறைவும் ஒரு பிள்ளையிடம் தெரிந்தால், வகுப்பில் பேசாமல் பெற்றோரிடம் தனியே சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம். நோய் முழுமையாகக் குணமாகும். அந்தப் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தத் தேவையில்லை.

நாம் செய்ய வேண்டியவை

லேத், பவுண்டரி, தறி, மோட்டார் பட்டறை என்று கையை நம்பி வாழும் ஊர் நம்முடையது. கைக்காயங்களும் இங்கே அதிகம். கோவை கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜா சபாபதி அவர்களின் கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வெளிநாட்டு மருத்துவர்களும் வந்து பயிற்சி பெறுகிறார்கள் என்றால், அந்தத் திறமைக்குப் பின்னால் நம் ஊர்த் தொழிலாளர்களின் காயங்களும் இருக்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் இருக்கிறார்கள். நாளை அவர்களும் இயந்திரத்தின் முன் நிற்பார்கள்.

நரம்புக் காயத்தோடு ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்தால் சில காரியங்களை நாம் செய்யலாம். சத்துணவுத் தட்டில் சூடான சாம்பார் ஊற்றும்போது மற்றக் கையால் பிடிக்கச் சொல்லலாம். வெயிலில் காய்ந்த இரும்புக் கதவு, ஆய்வகச் சுடர், காம்பஸ் முனை இவற்றைக் குறித்து எச்சரிக்கலாம். மாலையில் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று சோதிக்கப் பழக்கலாம். பேனாவில் ரப்பர் சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கலாம். பொதுத்தேர்வு இருந்தால் மருத்துவச் சான்றோடு சலுகைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

வகுப்பு முழுவதற்கும் ஒரு செயல்பாடு. ஒரு கொண்டை ஊசியை எடுத்து அதன் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்றி மாற்றி, கண்ணை மூடிய நண்பனின் தோலில் மெல்ல வையுங்கள். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று தெரியும். முன்கையில் மூன்று நான்கு சென்டிமீட்டர் தேவைப்படும். நரம்பு நுனிகள் எங்கே நெருக்கம், எங்கே விலகல் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். 1834-இல் வெபர் செய்த சோதனை இது. செலவு ஒன்றுமில்லை.

நிறைவாக அந்த மாணவனுக்கே வருகிறேன். அந்த அம்மா வந்துபோன வாரத்திலேயே, திங்கட்கிழமை வகுப்பில், "சென்ற வாரம் நான் சொன்னது தவறு" என்று சொல்லி, கரும்பலகையில் முதுகுத்தண்டிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இழையை வரைந்து, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தினம் ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று விளக்கினேன். அவன் ஸ்கேலை எடுத்துத் தன் கையை அளந்தான். அன்று மாலையே பயிற்சிக்குப் போனதாக அவன் அம்மா சொன்னார்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. தன் கையாலேயே எழுதினான். இப்போது பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருக்கிறான். சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்தால் ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று இன்னும் பார்த்துத்தான் சொல்கிறான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சூடு தெரிகிறது, கூர்மை தெரிகிறது, இயந்திரத்தின் அருகே அவன் கை அவனைக் காக்கிறது.

"வளராது" என்ற சொல்லைப் பாடத்தில் சொல்லும்போது அது முழு உண்மைதானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு, மேசைக்கு அடியில் கையை மறைத்தபடி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.